திருந்தாத சில்லும் திருத்தும் நிரலும்

திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழம் உலகறிந்தது. ஆயினும் கொட்டியாரக் குடாவைக் கடந்து உள்துறைமுகத்துக்குள் வரும் பெருங்கப்பல் தன் விருப்பப்படி எந்தத் திசையிலும் திரும்பிவிட முடியாது. தீவுகளை ஒட்டியும் கரைமுனைகளை ஒட்டியும் நீருக்கடியில் பாறைகள் கிடக்கின்றன. அவற்றை எவரும் பெயர்த்தெடுக்க முற்படுவதில்லை. எந்தப் பாறை எங்கே கிடக்கிறது என்பதைக் கடற்படத்தில் குறித்துவைத்து, அதை நன்கறிந்த வழிகாட்டி மாலுமியின் சொற்படி கப்பலை விலக்கிச் செலுத்துகிறார்கள். கணினியையும் வலையமைப்பையும் இணைக்கும் அட்டைக்குள் உறைந்துபோன வடிவமைப்புப் பிழைகளையும் பொறியியலாளர்கள் இவ்வாறே கையாளுகிறார்கள். பிழை சில்லிலேயே இருந்துவிடுகிறது. அதை விலக்கிச் செல்லும் வழி மென்பொருளில் எழுதப்படுகிறது.

வலையமைப்பு அட்டை என்பது கணினியின் நினைவகத்தில் உள்ள தரவை மின்குறிகளாக மாற்றிக் கம்பியில் அனுப்பவும், கம்பியில் வரும் குறிகளை மீண்டும் தரவாக்கி நினைவகத்தில் சேர்க்கவும் பயன்படும் வன்பொருள். அந்த அட்டையிடம் எப்போது எதைச் செய்ய வேண்டும் என்று சொல்வதும், அது தரும் விடையைப் பணிசெயல் முறைமைக்கு எடுத்துச் சொல்வதும் இயக்கி எனப்படும் மென்பொருளின் வேலை. பேச்சுவழக்கில் இதை ‘டிரைவர்’ என்றே சொல்கிறோம். நல்ல இயக்கி ஒன்றின் மூலநிரலைப் பொறுமையாகப் படிப்பவர், அட்டையை இயக்கும் கட்டளைகளோடு அட்டையின் குறைகளைச் சமாளிக்கும் கட்டளைகளும் கணிசமான இடத்தைப் பிடித்திருப்பதைக் காண்பார்.

பிழை ஏன் சில்லிலேயே தங்கிவிடுகிறது

மென்பொருளில் பிழை கண்டால் மறுநாளே திருத்திய பதிப்பை வெளியிடலாம். சில்லு அவ்வாறானதன்று. ஒளிமறைப்புத் தகடுகளின் வழியே சிலிக்கன் தட்டில் அடுக்கடுக்காகப் பதிக்கப்பட்ட சுற்று, பதிக்கப்பட்ட பின் மாறாது. திருத்த வேண்டுமானால் புதிய தகடுகளைச் செய்து, புதிய தொகுதியை வார்த்து, முழுச் சோதனையையும் மீண்டும் நடத்த வேண்டும். அப்படி வார்க்கப்பட்ட புதிய தொகுதிக்கு அடுத்த திருத்த எண் வழங்கப்படும். ஆனால் முன்பே விற்பனையான சில்லுகள் பழைய பிழையோடுதான் உலகில் உழைத்துக்கொண்டிருக்கும்.

1994-ல் பென்டியம் செயலியின் வகுத்தல் சுற்றில் பிழை இருப்பது வெளிப்பட்டபோது, இன்டெல் நிறுவனம் கேட்டவர்களுக்கெல்லாம் செயலியை மாற்றித் தர முன்வந்து, அதற்காக 475 மில்லியன் அமெரிக்க டொலரைத் தன் கணக்கில் இழப்பாகப் பதிந்தது. கணினியின் மூளையான செயலிக்கு அவ்வளவு செலவு செய்யலாம். சில டொலருக்கு விற்கும் வலையமைப்பு அட்டைக்கு எவரும் அவ்வாறு செய்யமாட்டார்கள். ஆகவே சில்லுத் தயாரிப்பாளர்கள் பிழைப்பட்டியல் என்ற ஆவணத்தை வெளியிடுகிறார்கள். எந்தச் சூழலில் பிழை தோன்றும், தோன்றினால் என்ன நேரும், எந்த மாற்றுவழியால் அதைத் தவிர்க்கலாம், அடுத்த திருத்தத்தில் அது நீக்கப்படுமா என்ற விவரங்கள் அதில் வரிசையாக இருக்கும். கடைசி வினாவுக்குப் பல இடங்களில் ‘திருத்தும் எண்ணமில்லை’ என்பதே விடையாக இருப்பதால், பொறுப்பு முழுவதும் இயக்கியை எழுதுபவரின் தோளில் விழுகிறது.

உப்புக்காற்றின் பழுதும் வடிவமைப்பின் பிழையும்

திருகோணமலை போன்ற கடற்கரை மாவட்டத்தில் இந்தப் பிழைகளை அடையாளம் காண்பது இன்னும் சிக்கலானது. வடகீழ்ப் பருவக்காற்று மழையையும் ஈரத்தையும் கொண்டுவருகிறது. கடலின் உப்பு ஆண்டு முழுவதும் காற்றில் கலந்திருக்கிறது. ஈரமும் உப்பும் சேர்ந்து இணைப்பான்களின் உலோகத் தொடுகைகளை அரிக்கும்போது இணைப்பு விட்டுவிட்டு அறுபடும். இடியும் மின்னலும் நீண்ட கம்பிகளின் வழியே வந்து அட்டையின் முன்பகுதியைச் சுட்டுவிடும். எனவே நிலாவெளியிலோ மூதூரிலோ கிண்ணியாவிலோ ஒரு கணினி வலையமைப்பிலிருந்து அடிக்கடி விடுபட்டுப் போனால், தொழில்நுட்பவியலாளரின் முதற்சந்தேகம் அரிப்பின்மீது விழுவது இயல்பானதும் பெரும்பாலும் சரியானதுமாகும்.

ஆனால் பழுதும் வடிவமைப்புப் பிழையும் வேறு வேறு. பழுது ஒரு தனி அட்டைக்கு நேர்வது. அந்த அட்டையைக் கழற்றி அதே வகையைச் சேர்ந்த இன்னொன்றைப் பொருத்தினால் தீர்ந்துவிடும். வடிவமைப்புப் பிழையோ அந்தத் திருத்த எண்ணைத் தாங்கிய ஒவ்வொரு சில்லிலும், பெட்டி பிரிக்கப்படாத புத்தம் புதிய சில்லிலும் அச்சுப் பிசகாமல் இருக்கும். அட்டையை மாற்றிய பின்னும் அதே குறி, அதே சூழலில், அதே வகையில் தோன்றுமானால், உப்பை விட்டுச் சில்லின் பிழைப்பட்டியலை எடுத்துப் பார்க்க வேண்டிய வேளை வந்துவிட்டது என்று கொள்ளலாம். பழுது காலநிலையையும் காலத்தையும் பின்பற்றும். வடிவமைப்புப் பிழை, பொதி எனப்படும் தரவுத்துண்டின் நீளத்தையும், நினைவக முகவரியையும், கம்பியின் தன்மையையும் பின்பற்றும்.

அட்டையும் இயக்கியும் பேசிக்கொள்ளும் முறை

மாற்றுவழிகளைப் புரிந்துகொள்வதற்கு இரு விடயங்களை அறிந்திருக்க வேண்டும். முதலாவது பதிவகம், அதாவது சில்லுக்குள் இருக்கும் சிறு நினைவுக் கூறு. இயக்கி அதில் ஓர் எண்ணை எழுதினால் சில்லு ஒரு செயலைச் செய்யும். அதைப் படித்தால் சில்லின் நிலை தெரியும். இரண்டாவது நேரடி நினைவக அணுகல். செயலியின் உதவியை நாடாமல் சில்லு தானாகவே கணினியின் நினைவகத்திலிருந்து தரவை எடுப்பதும் அங்கே வைப்பதும் இதனால் இயலுகிறது. எந்த முகவரியில் எத்தனை பைட் உள்ளது என்ற குறிப்புகளை இயக்கி வளையம்போல் அமைந்த ஓர் அட்டவணையில் எழுதிவைக்க, சில்லு அவற்றை ஒவ்வொன்றாகப் படித்து வேலையை முடிக்கிறது. பிழைகளில் பெரும்பகுதி, செயலியும் சில்லும் ஒரே நினைவகத்தை ஒரே வேளையில் தொடும் இந்த எல்லையில்தான் பிறக்கிறது.

மலிவுச் சில்லின் எண் 65520

1990-களின் பிற்பகுதியிலிருந்து உலகின் மலிவான கணினிகளில் மிகப் பரவலாகக் காணப்பட்டது ரியல்டெக் நிறுவனத்தின் ஆர்டிஎல் 8139 என்ற சில்லு. விலை குறைவாக இருக்கும்பொருட்டு அதன் வடிவமைப்பில் பலவற்றைக் குறைத்திருந்தார்கள். அனுப்பப்படும் பொதி நினைவகத்தில் நான்கால் வகுபடும் முகவரியில் தொடங்கினால்தான் அது ஏற்கும்; பெறப்படும் பொதிகளைத் தனித்தனி இடங்களில் வைக்கத் தெரியாமல், ஒரே தொடர் நினைவகத் துண்டில் ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டும். ஆகவே இயக்கி போகும் பொதியை ஒருமுறையும் வரும் பொதியை ஒருமுறையும் நகலெடுக்க வேண்டியிருந்தது. சில்லில் மிச்சமான செலவைச் செயலி தன் நேரத்தால் ஈடுகட்டியது. இவை கண்டிப்பாகப் பிழைகள் அல்ல, குறைகளே. ஃப்ரீபிஎஸ்டி என்ற பணிசெயல் முறைமைக்காக இச்சில்லின் இயக்கியை எழுதிய கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பில் பால், அக்குறைகளை நிரலின் தலைப்புக் குறிப்பிலேயே வெளிப்படையாகப் பதிவுசெய்து, பின்வந்தோருக்கு வழிகாட்டினார்.

இதே சில்லின் இன்னொரு இயல்பை அருகிலிருந்து பார்ப்பது பயன்தரும். பெற்ற பொதி ஒவ்வொன்றின் முன்னாலும் அது நான்கு பைட் கொண்ட தலைப்பை எழுதுகிறது. அதில் இரண்டு பைட் நிலையையும் இரண்டு பைட் நீளத்தையும் குறிக்கும். பொதி முழுவதும் நினைவகத்துக்கு வந்துசேருவதற்கு முன்பே இயக்கி அத்தலைப்பைப் படித்துவிட்டால், நீளம் இருக்க வேண்டிய இடத்தில் 65520 என்ற எண் தோன்றக்கூடும். ஈதர்நெட் நெறிமுறையில் வழக்கமான சட்டகத்தின், அதாவது கம்பியில் செல்லும் பொதியின், உச்ச நீளம் 1518 பைட். எனவே 65520 பைட் நீளமுள்ள பொதி இருக்கவே முடியாது. அந்த எண்ணை நம்பிப் படிக்கத் தொடங்கும் இயக்கி, தனக்குரிய நினைவக எல்லையைத் தாண்டிச் சென்று முறைமையையே குலைத்துவிடும். லினக்ஸ் என்ற பணிசெயல் முறைமையின் இயக்கி அந்த எண்ணைக் கண்டதும், நகலெடுப்பு இன்னும் முடியவில்லை என்று புரிந்துகொண்டு ஒதுங்கி, சற்றுப் பொறுத்து மீண்டும் வந்து பார்க்கிறது. குறித்த கால எல்லைக்குப் பிறகும் அதே எண் நிலைத்திருந்தால், சில்லின் பெறுபகுதி சிக்கிக்கொண்டது என்று முடிவுசெய்து அதை மீளத் தொடங்கவைக்கிறது. எவ்வளவு காத்திருப்பது, எப்போது நம்பிக்கையைக் கைவிடுவது என்ற இரு கேள்விகளுக்கும் விடை சொல்லாத மாற்றுவழி முழுமையடையாது என்பதை இது காட்டுகிறது.

நான்கு ஜிகாபைட் எல்லை

பிராட்காம் நிறுவனத்தின் பிசிஎம்5700 குடும்பத்துச் சில்லுகளுக்காக டேவிட் மில்லரும் ஜெஃப் கார்சிக்கும் 2001 முதல் எழுதிவந்த ‘டிஜி3’ என்ற லினக்ஸ் இயக்கி, மாற்றுவழிகளின் களஞ்சியம் என்றே சொல்லத்தக்கது. முப்பத்திரண்டு இருமங்களால் குறிக்கக்கூடிய முகவரிகள் 4 ஜிகாபைட்டில் முடிந்துவிடுகின்றன. ஒரு பொதி அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே தொடங்கி எல்லைக்கு மேலே முடிந்தால், முகவரியின் கீழ்ப்பகுதி நிரம்பிச் சுழியத்துக்குத் திரும்ப, மேற்பகுதியில் ஒன்று கூட வேண்டும். இந்தக் குடும்பத்தின் சில சில்லுகள் இந்த இடத்தில் தவறிவிடுகின்றன.

இயக்கியில் இதற்கான சோதனை ஒரே வரியில் அடங்குகிறது. முகவரியின் கீழ்ப்பகுதியோடு பொதித்துண்டின் நீளத்தையும் மேலும் எட்டையும் கூட்டுகிறது. கிடைத்த விடை தொடக்க எண்ணைவிடச் சிறியதானால், கூட்டல் நிரம்பிச் சுழியத்தைத் தாண்டிவிட்டது என்று பொருள், அதாவது பொதி எல்லையைக் கடக்கிறது. அப்போது இயக்கி முழுப்பொதியையும் பாதுகாப்பான வேறோர் இடத்துக்கு நகலெடுத்து, அங்கிருந்து அனுப்பச் சொல்கிறது. எட்டுப் பைட்டுக்கு மேற்படாத மிகச் சிறு துண்டுகளைக் கையாளத் தெரியாத சில்லுகளும் இக்குடும்பத்தில் உண்டு. அவற்றுக்கும் இதே நகலெடுப்பே மருந்து. நான்கு ஜிகாபைட்டுக்குக் குறைவான நினைவகம் கொண்ட கணினியில் முதற்பிழை ஒருபோதும் தலைகாட்டாது என்பதும், நிறைய நினைவகம் இருந்தாலும் ஆயிரத்தைந்நூறு பைட் நீளமுள்ள பொதி அந்த ஒற்றை எல்லையின்மீது வந்து அமர்வது மிக அரிது என்பதும் கவனிக்கத்தக்கவை. சோதனைக்கூடத்தில் தப்பிய பிழை, நாட்கணக்கில் ஓய்வின்றி உழைக்கும் வழங்கியில் வெளிப்படுவதற்குக் காரணம் இந்த அருமையே.

நிறுத்தியும் பூட்டியும் வைக்கும் வழிகள்

நகலெடுப்பு ஒருவகை மாற்றுவழி. காத்திருக்கவைப்பது இன்னொரு வகை. இன்டெலின் 82547 சில்லுக்குள் அனுப்பப்படும் தரவு தங்கிச் செல்லும் வளைய நினைவகம் ஒன்று உண்டு. இருபுறமும் ஒரே வேளையில் பேச இயலாத அரையிருவழி முறையில், அதாவது பழைய ஹப்புகளில் இணைக்கப்பட்ட நிலையில், பெரிய பொதி ஒன்று அந்த வளையத்தின் முடிவைத் தாண்டித் தொடக்கத்துக்குள் மடிந்தால் சில்லு உறைந்துவிடும். சில்லுக்குள் வளையம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதை இயக்கி வெளியிலிருந்தே கணக்கிட்டுக்கொண்டு வருகிறது. அடுத்த பொதி மடியும் என்று கண்டால் அதைப் பெற்றுக்கொள்ளாமல், பிறகு அனுப்புமாறு பணிசெயல் முறைமையின் மேலடுக்கைக் கேட்டுக்கொள்கிறது. வளையம் முழுவதும் காலியானதும் அதன் தலையைச் சுழியத்தில் வைத்துவிட்டு மீண்டும் தொடங்குகிறது. வேகத்தில் சிறிது குறைகிறது, ஆனால் இணைப்பு நிலைக்கிறது.

மூன்றாவது வகை, சில்லின் தானியங்கித் தீர்மானத்தை ரத்துசெய்து சரியான மதிப்பை அதன்மீது சுமத்துவது. நெட்கியரின் எஃப்ஏ311 போன்ற அட்டைகளில் இருந்த நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தின் டிபி83815 சில்லு, 100 மெகாபிட் வேகத்தில் குறுகிய கம்பியோடு இணைக்கப்படும்போது தடுமாறியது. கம்பி நீண்டால் குறி தேயும் என்பதே அனைவரும் அறிந்தது. இங்கோ கம்பி குறுகியதால் சரிபார்ப்புத் தொகைப் பிழைகள் குவிந்தன, எவரும் எதையும் அனுப்பாத வேளையிலும் விளக்கு மினுக்கியது. அந்நிறுவனத்தின் பொறியியலாளர்கள் தந்த அறிவுறுத்தலின்படி, லினக்ஸ் இயக்கி இணைப்பு ஏற்பட்டவுடன் சில்லு தன் பெறுபகுதிக்காகத் தானே தேர்ந்துகொண்ட குணகத்தைப் படிக்கிறது. அது ஏற்கத்தக்க எல்லைக்குள் இல்லாவிட்டால் 232 என்ற நிலையான மதிப்பை எழுதிப் பூட்டிவிடுகிறது. இணைப்பு அறுந்ததும் பூட்டைத் திறந்துவிடுகிறது. அடுத்து இணைக்கப்படும் கம்பி நீளமானதாக இருக்கலாம் என்ற முன்னெச்சரிக்கையே அந்தத் திறப்புக்குக் காரணம். மாற்றுவழி தேவைப்படும் கணம் கடந்தபின் அதை விலக்கிக்கொள்வதும் மாற்றுவழியின் ஒரு பகுதிதான்.

குற்றம் யாருடையது என்று தீர்மானிப்பது

வன்பொருளின்மீது பழி சுமத்துவதற்கு முன் எவ்வளவு நிதானம் வேண்டும் என்பதை 2008-ல் நடந்த நிகழ்ச்சி உணர்த்துகிறது. லினக்ஸ் 2.6.27 வெளிவருவதற்கு முந்தைய சோதனைப் பதிப்புகளை நிறுவியவர்களின் கணினிகளில், ‘இ1000இ’ இயக்கியால் இயங்கும் இன்டெல் அட்டைகள், மின்சாரம் நின்றாலும் அழியாத தம் நிலையான நினைவகத்தின் உள்ளடக்கத்தை இழந்து செயலற்றுப் போயின. சில்லின்மீதும் இயக்கியின்மீதும் சந்தேகம் விழுந்தது. வாரக்கணக்கான தேடலுக்குப் பின், உண்மைக் காரணம் முறைமையின் வேறொரு பகுதியில் இருந்தது தெரியவந்தது. நிரலின் ஓட்டத்தைப் பின்தொடரும் ‘எஃப்டிரேஸ்’ என்ற கருவி, விடுவிக்கப்பட்ட நினைவகத்தில் முன்பு இருந்த நிரலை மாற்றுவதாக எண்ணி எழுதிக்கொண்டிருந்தது. அந்த முகவரியோ அதற்குள் அட்டையின் நிலையான நினைவகத்துக்கு ஒதுக்கப்பட்டுவிட்டிருந்தது. அக்கருவியின் அந்த வசதி ஒக்டோபரில் நிறுத்திவைக்கப்பட்டது. அதோடு, இனி எந்த மென்பொருளும் தவறுதலாக எழுதிவிடாதபடி அட்டையின் நினைவகத்தைப் பூட்டும் கட்டளையும் இயக்கியில் சேர்க்கப்பட்டது.

2013-ல் இதற்கு வேறுவகையான சான்று கிடைத்தது. இணையத் தொலைபேசிக் கருவிகளில் பணியாற்றிய கிறிஸ்டியன் கீல்ஹோஃப்னர், இன்டெலின் 82574எல் சில்லு கொண்ட சில கணினிகள் காரணமின்றி வலையமைப்பிலிருந்து முற்றாக விடுபடுவதைக் கண்டு, பிழையைத் தூண்டும் பொதிகளைச் சேகரித்து, அவற்றை ஒவ்வொரு பைட்டாக மாற்றிச் சோதித்தார். பொதியின் 1151-ஆம் இடத்தில் ‘2’ அல்லது ‘3’ என்ற எழுத்துக்குறி இருந்தால் அட்டை நின்றுவிடும், மின்சாரத்தை முழுமையாகத் துண்டித்தால் ஒழிய மீளாது; அதே இடத்தில் ‘4’ இருந்தால் அட்டை அதன்பின் அப்பிழைக்கு ஆட்படாது என்ற வியப்பான முடிவை அவர் வெளியிட்டார். ஆராய்ந்து பார்த்த இன்டெல், சில்லு குற்றமற்றது என்றும் ஒரு தாய்ப்பலகைத் தயாரிப்பாளர் அட்டையின் நிலையான நினைவகத்தில் எழுதிய தவறான உள்ளடக்கமே காரணம் என்றும் அறிவித்தது. சில்லு, அதன் நிலையான நினைவகம், இயக்கி, முறைமை ஆகிய நான்கு அடுக்குகளில் எங்கும் குற்றம் இருக்கலாம் என்பதும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் பொறுமையே அவற்றைப் பிரித்தறியும் என்பதும் இவ்விரு நிகழ்ச்சிகளின் பாடங்கள்.

மாற்றுவழியின் விலையும் எல்லையும்

மாற்றுவழி எதுவும் இலவசமன்று. நகலெடுப்புக்குச் செயலியின் நேரமும், காத்திருப்புக்கு வேகமும் செலவாகின்றன. எனவே பிழையுள்ள சில்லுக்கு மட்டும் அது செயற்பட வேண்டும். அதற்கு உதவுவது அட்டையின் அடையாளம். தயாரிப்பாளர் எண், சாதன எண், திருத்த எண் ஆகியவற்றை ஒவ்வொரு அட்டையும் தன்னுள் தாங்கியிருக்கிறது. இன்டெலின் தயாரிப்பாளர் எண் 8086. 1978-ல் அந்நிறுவனம் வெளியிட்ட புகழ்பெற்ற செயலியின் பெயரே அது. இயக்கி தொடங்கும்போது இவற்றைப் படித்து, எந்தப் பிழைகள் இந்தச் சில்லில் உண்டு என்பதைக் கொடிகளாகக் குறித்துக்கொண்டு, பின்னர் தேவையான இடத்தில் மட்டும் வழியை மாற்றுகிறது. இயக்கியில் மாற்றுவழி எழுதப்படாத நிலையில், பயனர் தாமே சில வசதிகளை நிறுத்திப் பார்க்கலாம்; பெரிய தரவைப் பொதிகளாகப் பிரிக்கும் வேலையையோ சரிபார்ப்புத் தொகையைக் கணிக்கும் வேலையையோ சில்லிடமிருந்து செயலிக்குத் திருப்பிவிட லினக்ஸில் ‘ஈத்டூல்’ என்ற கட்டளை உள்ளது. அதன்பின் குறை நீங்கினால், பிழை இருக்கும் இடம் பெரிதும் சுருங்கிவிடும்.

இவையனைத்தும் இயன்றது, பிழைகளை மறைக்காமல் எழுதிவைத்தவர்களும் இயக்கியின் மூலநிரலைத் திறந்துவைத்தவர்களும் இருந்ததால்தான். 1990-களில் அமெரிக்காவின் நாசா நிலையத்தில், மலிவான கணினிகளை இணைத்துப் பெருங்கணினி ஆக்கும் பேவுல்ஃப் திட்டத்தில் பணியாற்றிய டொனால்ட் பெக்கர், பல்வேறு அட்டைகளுக்கான லினக்ஸ் இயக்கிகளை எழுதி எவரும் பயன்படுத்துமாறு வெளியிட்டார். ஆர்டிஎல் 8139-க்கான லினக்ஸ் இயக்கியும் அவர் எழுதியதிலிருந்து வளர்ந்ததே. தயாரிப்பாளர் ஒரு சில்லைக் கைவிட்ட பிறகும், திறந்த இயக்கியில் அதன் பிழைகளும் மாற்றுவழிகளும் பேணப்பட்டு வருகின்றன. புதிய கருவியை ஆண்டுதோறும் வாங்க வசதியில்லாத பள்ளிக்கும் சிற்றலுவலகத்துக்கும், பழைய கணினியைப் பல்லாண்டு உழைக்கவைக்கும் மாவட்டத்துக்கும் இதைவிடப் பயனுள்ள பொதுச்சொத்து அரிது.

ஆயினும் பொதுச்சொத்தைப் பயன்படுத்துவதோடு நின்றுவிடுவது போதாது. கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினி அறிவியல் பயிலும் மாணவர்களும், துறைமுகத்திலும் சீனக்குடாவின் தொழிற்சாலைகளிலும் வலையமைப்புகளைப் பராமரிக்கும் இளைஞர்களும், தம் கைக்கு வரும் ஒவ்வோர் அட்டையின் திருத்த எண்ணையும் குறித்துவைத்து, அதன் பிழைப்பட்டியலையும் இயக்கியின் நிரலையும் ஒருமுறையேனும் படித்துப் பார்க்க வேண்டும். பட்டியலில் இல்லாத பிழை ஒன்றைக் கண்டால், எந்த அட்டை, எந்தச் சூழல், எத்தனை பைட், எந்தக் கம்பி என்ற விவரங்களோடு அதை எழுதி, அந்த இயக்கியைப் பராமரிப்போருக்கு அனுப்ப வேண்டும். ஓரிடத்தில் கண்டறிந்து எழுதப்பட்ட பிழை, அதே சில்லைப் பயன்படுத்தும் உலகின் எல்லாக் கணினிகளிலும் விலக்கப்படுகிறது.